கைவிளக்கேந்திய நங்கை

நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் திருவள்ளுவர். இந்நான்கனுள் ஒன்று குறையினும் நோய் தீர்தல் அரிது. ஆயினும், உலகம் நெடுங்காலம் முதல் மூன்றனையே பெரிதென மதித்தது. நோயாளியின் அருகிருந்து பணிபுரிவோரை அது எண்ணிப் பார்த்ததும் இல்லை. அவர்தம் பசியையும் களைப்பையும் கேட்டறிந்ததும் இல்லை. அக்குறையை உணர்ந்து, செவிலியர் தொழிலை மாண்புமிக்க தொழிலாக உயர்த்திய பெருமாட்டி, பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் ஆவார்.

இவர் ஆங்கிலச் செல்வர் ஒருவரின் இளைய மகள். பெற்றோர் இத்தாலி நாட்டில் தங்கியிருந்த காலத்தில், 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் பிளாரன்சு நகரில் பிறந்தார். அந்நகரின் பெயரே இவருக்குச் சூட்டப்பட்டது. தந்தையார் கல்வியில் நாட்டம் மிக்கவர். ஆதலின், தம் மகளிர் இருவருக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு முதலியவற்றைத் தாமே கற்பித்தார். இளையவருக்குக் கணக்கின்பால் தனியார்வம் இருந்தது. அவ்வார்வம் பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காக்க உதவியது.

பதினாறாம் வயதிலேயே, இறைவன் தம்மை ஒரு தொண்டிற்கு அழைக்கின்றான் என்னும் உணர்வு இவர் உள்ளத்தில் எழுந்தது. நோயாளரைப் பேணுவதே அத்தொண்டு எனப் பின்னர்த் தெளிந்தார். 1845-ஆம் ஆண்டில் அருகிலிருந்த மருத்துவமனை ஒன்றிற்குச் சென்று பயில விரும்பினார். பெற்றோர் திடுக்குற்றனர், உறுதியாக மறுத்தனர். அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்நாளில் மருத்துவமனைப் பணிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வேறு பிழைப்பு அற்ற ஏழைப் பெண்களே. அவர்களுக்குப் பயிற்சி இல்லை; கூலியோ மிகச் சிறிது. சில மருத்துவமனைகளில் நோயாளர் கூடத்தின் வாயிலில் இருந்த மரத்தடுப்புக்களே அவர்கள் உறங்கும் இடம். காற்றும் வெளிச்சமும் புகாத அவ்விடத்தில், இரவெல்லாம் கண்விழித்தவர்கள் பகலின் இரைச்சலிடையே எவ்வாறு உறங்க இயலும்? களைப்பை மறக்கப் பலர் மதுவை நாடினர். உலகம் அவர்களைக் குடியர் என இகழ்ந்தது. குடிக்கச் செய்த துன்பத்தை எண்ணிற்றில்லை.

பிளாரன்சு மனந்தளரவில்லை. மருத்துவமனைகளைப் பற்றிய அறிக்கைகளை விடியற்காலையில் எழுந்து மெழுகுவர்த்தி ஒளியில் படித்தார். தம்மை மணக்க விரும்பிய நற்பண்பாளர் ஒருவரையும் மறுத்தார். 1851-ஆம் ஆண்டில் செருமனி நாட்டுக் கைசர்சுவெர்த் என்னும் ஊரிலிருந்த தொண்டர் இல்லத்தில் மூன்று மாதம் பயின்றார். 1853-ஆம் ஆண்டில் இலண்டனில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

அங்கு அவர் முதற்கண் செய்த ஏற்பாடுகள் அறியத்தக்கவை. ஒவ்வொரு மாடிக்கும் வெந்நீர் குழாய் வழியே செல்ல வேண்டும் என்றார். உணவை மேலே ஏற்றுவதற்கு ஒரு தூக்குப்பொறி வேண்டும் என்றார். எந்த நோயாளி மணி அடித்தார் என்பதைச் செவிலி உடனே அறியும் வகையில் மணிகளை அமைக்கச் சொன்னார். இவை இல்லையேல், செவிலியின் பொழுதெல்லாம் படியேறி இறங்குவதிலேயே கழிந்துவிடும். நோயாளிக்கென அவளிடம் எஞ்சுவது ஒன்றும் இராது என்பது அவர் கருத்து. பணிபுரிவோரின் கால்வலியைப் போக்குதலும் நோயாளிக்குச் செய்யும் மருத்துவமே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1854-ஆம் ஆண்டில் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியுடன் சேர்ந்து உருசியாவை எதிர்த்துக் கிரீமியப் போரில் ஈடுபட்டன. காயமுற்ற ஆங்கில வீரர்கள் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு எதிரே இருந்த ஸ்கூட்டாரி என்னும் இடத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் அங்குப் பேணுவார் இன்றி மடிவதைச் செய்தித்தாள் வாயிலாக அறிந்த ஆங்கில மக்கள் கொதித்தெழுந்தனர். போர்த்துறை அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட், அம்மையாரின் நண்பர். அவர் வேண்டுகோளை ஏற்று, 38 பெண்களுடன் புறப்பட்ட அம்மையார், நவம்பர் 4-ஆம் நாள் ஸ்கூட்டாரியை அடைந்தார்.

அங்குக் கண்ட காட்சி கல்நெஞ்சையும் கரைக்கும். பழைய படைவீடு ஒன்றே மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. அதன் அடியில் சாக்கடைகள் அடைபட்டு நாறின. எலிகள் ஓடித் திரிந்தன. மாற்றுத் துணியும் இல்லை. துடைக்கும் தூரிகையும் இல்லை. வந்த பெண்கள் அனைவரும் சில சிறிய அறைகளில் நெருக்குண்டு கிடந்தனர். மருத்துவர்கள் முதலில் அவர்களை உள்ளே விடவும் விரும்பவில்லை. காயமுற்றோர் கூட்டங்கூட்டமாக வந்து சேர்ந்த பின்னரே கதவு திறந்தது.

அம்மையார் தூரிகைகளை வாங்கினார், சலவைக்கூடம் அமைத்தார், கூலியாட்களைக் கொண்டு பழுதடைந்த கூடங்களைச் செப்பனிடச் செய்தார். இரவு எட்டு மணிக்குமேல் வேறு பெண்கள் நோயாளர் கூடங்களில் இருத்தலாகாது என விதித்தார். ஆனால், தாம் மட்டும் துருக்கியர் கையாளும் மடிப்புத்தாள் விளக்கு ஒன்றை ஏந்தி, நெடிய படுக்கை வரிசைகளின் இடையே நடந்து சென்றார். அவ்வொளியைக் கண்டு, தாயைக் கண்ட சேய்போல் வீரர்கள் ஆறுதல் எய்தினர். சில நாட்களில் அவர் இருபது மணி நேரம் நின்று பணிசெய்ததும் உண்டு என்பர்.

எனினும், இத்துணை உழைப்பும் சாவைத் தடுக்கவில்லை. 1855-ஆம் ஆண்டு பிப்பிரவரியில், அங்கு வந்த நூறு பேரில் நாற்பத்திருவர் மாண்டனர். மார்ச்சுத் திங்களில் அரசு அனுப்பிய நலத்துறைக் குழுவினர் சாக்கடைகளைக் கழுவி, நீரைத் தூய்மை செய்து, காற்றோட்டத்திற்கு வழி செய்தனர். கோடையில் சாவு நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது. பின்னாளில் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தபோது அம்மையார் இவ்வுண்மையை நன்குணர்ந்தார். அன்பு மட்டும் போதாது. அவ்வன்பு பயன் தருதற்கேற்ற இடமும் ஏற்பாடும் வேண்டும் என்பதே அவ்வுண்மை.

போர்க்களம் அவருடைய உடலையும் விட்டுவைக்கவில்லை. 1855-ஆம் ஆண்டு மே மாதத்தில் கிரீமியாவிற்குச் சென்றவர், கொடுங்காய்ச்சலுற்றுச் சாவின் வாயில்வரை சென்று மீண்டார். தாயகம் திரும்புமாறு பலர் வற்புறுத்தியும் இசைந்திலர். போர் முடிந்த பின்னர், 1856-ஆம் ஆண்டு ஆகஸ்டில், வரவேற்பு ஆரவாரம் எதனையும் விரும்பாமல் வேறு பெயரில் பயணம் செய்து வீடு சேர்ந்தார். அதன்பின்னும் ஓயவில்லை. படைவீரர் நலத்திற்காக இரவு பகலாக அறிக்கைகள் எழுதினார். 1857-ஆம் ஆண்டு ஆகஸ்டில் முற்றிலும் சோர்ந்து விழுந்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தேழே. பின்னர் நெடுங்காலம் படுக்கையே அவருடைய பணிமனை ஆயிற்று.

பெரியோர் வாழ்விலும் குறை உண்டு. அதனை மறைத்தல் நன்றன்று. தம்மை வருத்திக்கொண்ட அம்மையார், தம்மோடு உழைத்தோரையும் வருத்தினார். சிட்னி ஹெர்பர்ட் சிறுநீரக நோயால் நலிந்தபோதும், எடுத்த சீர்திருத்தம் நின்றுவிடுமே என்னும் கவலையால் அவரை மேலும் உழைக்கத் தூண்டினார். 1861-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், ஐம்பது வயதிலேயே ஹெர்பர்ட் இறந்தார். அம்மையார் ஆற்றொணாத் துயரில் மூழ்கினார். நற்செயலுக்கே ஆயினும், மனித உடலுக்கு ஓர் எல்லை உண்டு அன்றோ?

செவிலியர் வாழ்வில் அவ்வெல்லையை மதிக்கும் ஏற்பாடுகளை அவர் செய்தார் என்பது போற்றத்தக்கது. நாட்டு மக்கள் நன்றிப் பெருக்கோடு திரட்டிய நிதி ஏறத்தாழ 45,000 பவுன். அதனைக் கொண்டு 1860-ஆம் ஆண்டில் இலண்டன் தூய தாமசு மருத்துவமனையில் செவிலியர் பள்ளியை நிறுவினார். அங்குப் பயின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் தனியறை தரப்பட்டது. உணவு, சீருடை, சலவை ஆகியன இலவசம். கைச்செலவிற்கு ஆண்டிற்குப் பத்துப் பவுனும் கிடைத்தது. முன்பு மரத்தடுப்பிற்குள் முடங்கிக் கிடந்தவர்களின் வழியில் வந்தவர்கள், தமக்கென ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கினர். அந்நாளில் இது சிறிய மாற்றம் அன்று.

அப்பள்ளியில் பயின்றவருள் சிறந்தவர் ஆக்னசு ஜோன்சு. 1865-ஆம் ஆண்டில் பன்னிரண்டு செவிலியருடன் லிவர்ப்பூல் நகரத்து ஏழையர் இல்ல மருத்துவமனைக்குச் சென்றார். ஆங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர் இருந்தனர். அத்துணைப் பேருக்கும் ஒழுங்கான பேணுதல் கிடைக்கச் செய்ய அவர் வைகறை முதல் நள்ளிரவு நெருங்கும்வரை உழைத்தார். தளர்ந்த உடலை டைபசுக் காய்ச்சல் பற்றியது. 1868-ஆம் ஆண்டு பிப்பிரவரி 19-ஆம் நாள், முப்பத்தைந்தாம் வயதில் உயிர் நீத்தார். அம்மையார் அவர் பெருமையை ஒரு கட்டுரையாக வரைந்து, அவர் விட்ட பணியைத் தொடரப் பலர் முன்வர வேண்டும் என வேண்டினார். பலர் சுமக்க வேண்டிய சுமையை ஒருவர் தோளில் ஏற்றினால், எத்துணை வலிய தோளும் முறியும் என்பதற்கு ஆக்னசின் வாழ்வு சான்றாகும்.

பிற்காலத்தில் அம்மையார் செவிலியரைத் தம் இல்லத்திற்கு அழைத்து விருந்தளித்தார். களைத்தவர்களுக்கு ஓய்வு கிடைக்க வழி செய்தார். நோயுற்றவர்களுக்கு உணவும் மலரும் அனுப்பினார். 1872-ஆம் ஆண்டு முதல் பள்ளி மாணவியருக்குத் தாய்போல் அறிவுரைக் கடிதங்கள் எழுதினார். நம் நாட்டிற்கு அவர் வந்ததில்லை. எனினும், இந்திய மக்களின் உடல்நலம் குறித்தும் பஞ்சம் குறித்தும் பல்லாண்டுகள் எழுதினார். காவிரி, கோதாவரிப் பாசனத்தால் புகழ்பெற்ற சர் ஆர்தர் காட்டனின் நீர்ப்பாசனக் கருத்துக்களுக்குத் துணை நின்றார்.

1907-ஆம் ஆண்டில் ஆங்கில அரசின் மெச்சற்கரிய விருதைப் பெற்ற முதற் பெண்மணி ஆனார். 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். அவர் பிறந்த நாளாகிய மே 12, உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவர் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்த 2020-ஆம் ஆண்டைச் செவிலியர் ஆண்டாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. அவ்வாண்டிலேயே கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகைச் சூழ்ந்தது. செவிலியர் மூச்சுத் திணறும் கவச உடையுள் வியர்த்து, வீட்டாரையும் பிரிந்து பணியாற்றினர். மக்கள் கைதட்டிப் போற்றினர். அது நன்றே. ஆயினும், கைதட்டல் களைப்பைப் போக்குவதில்லை. போதிய துணையாட்கள், தக்க ஊதியம், நிம்மதியான உறக்கம் ஆகியவையே அதனைப் போக்க வல்லவை.

அம்மையார் ஏந்திய விளக்கை நாம் வியந்து போற்றுகிறோம். அவ்விளக்கை ஏந்திய கையும் சோரும் என்பதை மறவாதிருத்தலே, அவருக்கு நாம் செய்யும் நன்றியாகும்.