பந்தாட்ட வீரர் பல்வங்கர் பாலு

ஒருவர்பால் அமைந்த ஆற்றலைக் கண்டு அதனாற் பயன்கொள்ளுதல் எளிது. அவ்வாற்றலுக்கு உரிய தலைமையை மனமுவந்து அளித்தல் அரிது. இவ்வுண்மையை, இந்தியக் கிரிக்கெட்டு ஆட்டத்தின் முதற் பெருஞ் சுழற்பந்து வீச்சாளராகிய பல்வங்கர் பாலு என்பாரது வரலாறு நன்கு விளக்குகின்றது. விளையாட்டுச் செய்திதானே என்று அன்பர்கள் இதனைப் புறக்கணியாது படிப்பாராக.

பாலு 1876-ஆம் ஆண்டு தார்வாரிற் பிறந்தார். தோற்றொழிலுக்கு உரியதென ஒதுக்கப்பட்ட சமார் வகுப்பினர் அவர். தந்தையார் படைத்துறையைச் சார்ந்து பிழைத்தமையின் அவரது இளமை புனா நகரிற் கழிந்தது. படைத்தலைவர்கள் கழித்துவிட்ட பழைய பந்தும் மட்டையும் கொண்டே அவரும் தம்பியரும் ஆடப் பழகினர்.

வறுமை அவரை விரைவில் வேலைக்கு அனுப்பியது. முதலில் பார்சியர் கழகமொன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளையிடும் தொழில். திங்கட்கு 3 ரூபாய் ஊதியம். பின்னர் 1892-ஆம் ஆண்டளவில் ஐரோப்பியர்க்குரிய புனா கழகத்தில் 4 ரூபாய்க்கு அமர்ந்தார். ஆங்கே பயிற்சி பெறுவார்க்குப் பந்தெறியும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டியது. இடக்கையால் மெதுவாக எறிவார். விரல்களாற் சுழற்றப்பட்ட அப்பந்து தரையிற் பட்டதும் நேர்வழி செல்லாது பக்கந் திரும்பும். ஒரே அசைவினின்று வேகத்தையும் உயரத்தையும் மாற்றவும் வல்லவரானார். கிரெய்க் என்னும் பேர்பெற்ற மட்டைவீரர், பிறர் வருமுன்னரே வந்து பாலுவின் பந்துகளை எதிர்த்துப் பழகுவார். தம்மை வீழ்த்துந்தோறும் அவர் எட்டணா அளித்தார் என வழங்குவர். ஆயினும், எண்ணிறந்த பந்துகளை எறிந்த பாலுவின் கையில் ஒருநாளேனும் மட்டையைக் கொடுத்தாரல்லர் அக்கழகத்தார்.

ஐரோப்பியரை வெல்ல விரும்பிய புனா இந்துக்கள், சிலர் தயங்கியபோதும், பாலுவைத் தம் குழுவிற் சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தையே ஏனையோரும் தொட்டனர். ஆயின் ஆட்டத்தின் இடைவேளையில் அவர்க்கு மட்டும் மாளிகைக்குப் புறத்தே மட்கலத்திற் தேநீர்; உணவுக்குத் தனியிடம். நாம் வகுப்பில் இவ்வரலாற்றைக் கூறியபோது, பந்துக்கு இல்லாத தீட்டுக் கோப்பைக்கு மட்டும் எங்ஙனம் வந்தது என ஒரு சிறுவன் வினவினான். நாம் விடையறியாது நின்றோம்.

பின்னர் பாலு பம்பாய் சென்று இந்துக்கள் குழுவில் ஆடினார். 1906-ஆம் ஆண்டில் அக்குழு ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றது. பாலுவும் தம்பி சிவராமும் அவ்வெற்றியிற் பெரும்பங்கு கொண்டனர். சாதிக் கட்டுத் தளர்வதற்கு இஃதொரு நற்குறியெனச் சீர்திருத்தக் கொள்கையினர் போற்றினர்.

1911-இல் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் தலைமையில் அகில இந்தியக் குழு இங்கிலாந்து சென்றது. குழு பெரும்பாலும் தோற்றது, பாலு தோற்றிலர். முப்பத்தைந்து வயதில், அயல்நாட்டுக் களங்களில், அவர் ஒருவரே 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். விக்கெட்டொன்றுக்குச் சராசரி 18.84 ஓட்டங்களே அளித்தார். இந்தியா முதல் டெஸ்ட் ஆட்டம் ஆடிய 1932-ஆம் ஆண்டுக்கு இருபத்தோராண்டு முற்பட்ட நிகழ்ச்சி இது. முதற்றர ஆட்டங்கள் 33-இல் அவர் பெற்ற விக்கெட்டுகள் 179 ஆகும்.

இத்துணைப் புகழ் எய்தியும் இந்துக்கள் குழுவின் தலைமை அவர்க்கு எட்டாததாகவே இருந்தது. ஆண்டுதோறும் தம்பியரும் அன்பரும் வேண்டினர். ஆண்டுதோறும் மேற்குலத்தார் ஒருவரே தலைவரானார். 1913-இல் தலைமை பெற்ற பாய் என்பார், அப்பெருமை பாலுவுக்கே உரியதென வெளிப்படையாகவே கூறினார். 1920-இல் பாலு குழுவினின்றே விலக்கப்பட, தம்பியராகிய சிவராமும் விட்டலும் வெகுண்டு தாமும் விலகினர். பின்னர் உடன்பாடு நேர்ந்தது. பாலு துணைத்தலைவராக இறுதியாட்டத்தில் இறங்கினார். தலைவர் பாய் சிறிதுபோது களத்தினின்று நீங்கி, குழுவை அவர் நடத்துமாறு செய்தார். அவர் பெற்ற தலைமை அச்சிறுபொழுதே. 1923-இல் விட்டல் முழுத்தலைமை எய்திக் குழுவை வெற்றிபெறச் செய்தார்.

பாலுவை இளமையிற் போற்றியவருள் அம்பேத்கரும் ஒருவர். 1932-ஆம் ஆண்டுப் புனா ஒப்பந்தத்தில், சென்னை எம். சி. ராஜா முதலியோருடன் இருவரும் கையொப்பமிட்டனர். எனினும் 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசார் பாலுவை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தினர். ஏறத்தாழ 2,000 வாக்குகளாற் பாலு தோற்றார். 1955-ஆம் ஆண்டு பம்பாயில் மறைந்தார்.

அன்பர்காள்! பாலுவின் கைத்திறனை வேண்டி அவரது தலைமையை வேண்டாதார் தீயவரல்லர். நம்மைப் போன்று தத்தம் குலப்பெருமை பேசி வாழ்ந்தோரே. ஆதலின் இதழைப் படித்து மூடுமுன், நம் சங்கத்திலும் நம் இல்லத்திலும் யார்க்கு உழைப்பை மட்டும் ஒதுக்கி, அதற்குரிய இடத்தை மறுத்து வருகின்றோம் என ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நம் கடனாகும்.