ஆளுக்கேற்ற ஆசனம்

யோகாசனம் என்றவுடன் உடலை வில்லாக வளைத்து நிற்கும் இளைஞர் ஒருவரின் தோற்றமே நம் மனத்தில் எழுகிறது. அந்தத் தோற்றம் இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவியதில் திருமலை கிருஷ்ணமாச்சாரியாருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால், அவர் தம் வாழ்வின் பிற்பகுதியில் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளைச் சென்னையில் கழித்தார் என்பதும், வளையாத முதுகுக்கும் மடங்காத முழங்காலுக்கும் வழிகாண்பதே அப்போது அவரது முதன்மைப் பணியாக இருந்தது என்பதும் பலர் அறியாதவை. நாள்பட்ட இடுப்புவலியோடும் மூட்டுத் தேய்மானத்தோடும் வாழ்வோர் அறிந்துகொள்ள வேண்டியது இந்தப் பிற்பகுதியைத்தான்.

கிருஷ்ணமாச்சாரியார் 1888 நவம்பர் 18 அன்று, இன்றைய கர்நாடகத்தின் சித்ரதுர்கா பகுதியிலுள்ள சிற்றூர் ஒன்றில் வைணவக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவர் மைசூரிலும் காசியிலும் சம்ஸ்கிருதமும் தர்க்கமும் வேதாந்தமும் பயின்றார், ஆயுர்வேதமும் கற்றார். பதினாறாம் வயதில் ஆழ்வார்திருநகரிக்குச் சென்றபோது நாதமுனிகளின் யோக ரகசியம் தமக்கு அருளப்பட்டது என்று அவர் நம்பினார். கயிலாயப் பகுதியில் ராமமோகன பிரம்மச்சாரி என்னும் குருவிடம் ஏழாண்டுகளுக்கு மேல் யோகம் பயின்றதாகவும் பின்னாளில் கூறினார்.

இத்தனை கல்விக்கும் சந்தையில் விலை இல்லை. யோகத்தைக் கொண்டு குடும்பம் நடத்த இயலாத 1920-களில், ஹாசன் மாவட்டக் காப்பித் தோட்டம் ஒன்றில் அவர் மேற்பார்வையாளராக வேலை பார்த்தார். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு கிடைத்த பிறகே நிலைமை மாறியது. 1933-இல் ஜகன்மோகன் அரண்மனையில் அவரது யோகசாலை தொடங்கியது. அங்கே பயின்றோரில் பெரும்பாலோர் உடல் உறுதிமிக்க சிறுவர்கள். பயிற்சியும் அதற்கேற்பக் கடுமையாகவும் வேகமாகவும் இருந்தது. ஓடத் தயாரான காரைக் கையால் நிறுத்துவது, பற்களால் கனமான பொருள்களைத் தூக்குவது போன்ற செயல்களை அவர் பொதுமேடைகளில் நிகழ்த்திக் காட்டினார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பட்டாபி ஜோயிஸும், அவருடைய மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்காரும் அக்காலத்து மாணவர்களே.

1940-இல் மன்னர் மறைந்தார். விடுதலைக்குப் பிறகு, 1950-இல் யோகசாலையும் மூடப்பட்டது. அறுபது வயதைக் கடந்த நிலையில், குடும்பப் பொறுப்புகளோடு, மீண்டும் தொடக்கத்திலிருந்து பிழைப்பைத் தேட வேண்டிய கட்டாயம் அவருக்கு ஏற்பட்டது.

அந்தத் தேடல் அவரைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட சட்ட வல்லுநர் ஒருவருக்குச் சிகிச்சை அளிக்க அழைக்கப்பட்டு வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் யோகம் கற்பித்தார். இங்கு அவரை நாடி வந்தவர்களில் அரண்மனைச் சிறுவர்களைப் போன்றோர் குறைவு. நோயாளிகள், முதியோர், இல்லத்தரசிகள், நாற்காலியில் அமர்ந்தே வேலை பார்ப்போர் எனப் பலதிறத்தினர் வந்தனர். பழைய பயிற்சி இவர்களுக்குப் பொருந்தாது. வந்தவரைத் தகுதியற்றவர் என்று திருப்பி அனுப்பாமல், பயிற்சியை அவர் மாற்றினார்.

மாணவரின் நாடியைப் பார்ப்பது, உணவையும் உறக்கத்தையும் தொழிலையும் விசாரிப்பது, மூச்சின் நீளத்தைக் கவனிப்பது ஆகியவை முதலில் நடக்கும். பிறகு அந்த ஒருவருக்கென ஒரு பயிற்சி முறை அமையும். ஒவ்வோர் அசைவும் மூச்சோடு இணையும். கடினமான நிலைக்கு முன் எளிய நிலைகள் படிப்படியாக வரும். அதன் பின் அதற்கு மாற்றான நிலை வரும். ஆசனத்தின் நோக்கம் காக்கப்பட்டால் போதும். அதன் வடிவம் ஆளுக்கு ஆள் மாறலாம். அவருடைய மகனும் பொறியாளருமான டி.கே.வி. தேசிகாச்சார், 1960-களில் தந்தையிடம் மாணவராகி இம்முறையைத் தொடர்ந்தார். தந்தையின் பெயரால் 1976-இல் அவர் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம், மந்தைவெளி ராமகிருஷ்ணா நகரில் இன்றும் இயங்குகிறது.

இம்முறையின் அருமை இரண்டு வலிகள் ஒரே உடலில் சேரும்போதுதான் புரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றபடியே பாடம் நடத்திய எனக்கு, ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பே இடுப்புவலி வந்துவிட்டது. முழங்கால் தேய்மானம் பின்னர் சேர்ந்துகொண்டது. முதுகு நடக்கச் சொல்கிறது. முழங்கால் உட்காரச் சொல்கிறது. நெடுநேரம் உட்கார்ந்தால் இடுப்பு இறுகுகிறது. எழுந்தால் முழங்கால் தடுக்கிறது. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளை வலம் வருவதும், தரையில் அமர்ந்து இலையில் உண்பதும், மாநகரப் பேருந்தின் உயரமான படியில் ஏறுவதும் முன்கூட்டியே திட்டமிட வேண்டிய காரியங்களாகிவிட்டன. தியாகராய நகரில் நான் சேர்ந்த ஒரு வகுப்பில் முப்பது பேருக்கும் ஒரே வரிசையில் ஒரே ஆசனங்கள். முழங்காலை முழுதும் மடக்கும் வஜ்ராசனம் அனைவருக்கும் கட்டாயம். முதுகுக்கு ஏற்றது முழங்காலுக்கு ஏற்காது என்பதைக் கேட்க அங்கே நேரமில்லை.

கிருஷ்ணமாச்சாரியார் மரபில் பயிற்சி இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. மல்லாந்து படுத்து, மூச்சை வெளியே விடும்போது முழங்கால்களை மார்பை நோக்கிக் கொண்டுவரும் அபானாசனம், பாதங்களை ஊன்றி இடுப்பை மெல்ல உயர்த்தும் த்விபாத பீடம் ஆகியவை இம்மரபில் அடிக்கடி இடம்பெறுபவை. இரண்டிலும் முழங்காலின் மீது உடலின் முழு எடை இறங்குவதில்லை. தரையில் அமர முடியாதவர்களுக்கு நாற்காலியே ஆசனமாகிறது. வலி முற்றிலும் நீங்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். வலியோடு ஒரு நாளை நடத்திச் செல்ல முடிகிறது என்பதே நான் கண்ட பயன். என் வயதில் அது சிறிய பயன் அன்று.

தொண்ணூற்று ஆறாம் வயதில் அவருக்கே இந்தச் சோதனை வந்தது. இடுப்பெலும்பு முறிந்தபோது அறுவை சிகிச்சையை மறுத்த அவர், படுக்கையில் இருந்தபடியே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்கென வகுத்துக்கொண்டார். அந்த மறுப்பை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. முதியோரை விரைவில் எழுந்து நடக்கச் செய்ய, இத்தகைய முறிவுக்கு விரைவான அறுவை சிகிச்சையையே இன்றைய மருத்துவம் பெரும்பாலும் பரிந்துரைக்கிறது. நாம் கற்க வேண்டியது, காரையே நிறுத்திக் காட்டிய ஒருவர் படுக்கையில் செய்யும் சிறு அசைவையும் யோகமாக ஏற்றுக்கொண்ட மனநிலையை. நூறாண்டு கண்ட அவர், 1989 பிப்ரவரியில் சென்னையில் மறைந்தார்.

அவரது மரபு ஆய்வுக்கும் உட்பட்டது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 101 பேரிடம், இம்மரபிலிருந்து உருவான வினியோக முறையைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2005-இல் வெளியானது. பன்னிரண்டு வாரங்களின் முடிவில், சுயபராமரிப்பு நூலை மட்டும் பெற்றவர்களைவிட யோகம் பயின்றவர்களின் இயக்கம் மேம்பட்டிருந்தது. 228 பேரிடம் நடந்த 2011-ஆம் ஆண்டு ஆய்விலும் அந்த மேம்பாடு தெரிந்தது. ஆனால், தசைகளை நீட்டும் சாதாரணப் பயிற்சிகளும் யோகத்துக்கு நிகரான பலனைத் தந்தன. ஆக, யோகம் மந்திரம் அன்று; முறையாகவும் தொடர்ந்தும் செய்யப்படும் பயிற்சிகளுள் அதுவும் ஒன்று. ஆய்வுகள் சராசரியையே கூறும். எந்தப் பயிற்சி எவருக்கு என்பதை ஆளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பொருளியல் படித்தவன் என்ற முறையில் ஒரு தடையையும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ஓர் ஆசிரியர் ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரம் தருவது செலவு மிக்கது. இயந்திரங்களால் தொழிற்சாலையின் உற்பத்தித்திறன் பெருகுவதுபோல இத்தகைய சேவையில் பெருகாது என்பதைப் பொருளியலாளர் வில்லியம் பாமோல் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே விளக்கினார். எனவே, சந்தை முப்பது பேர் வகுப்பையே விரும்பும். தனிக் கவனம் வசதி படைத்தவர்களுக்கு உரியதாகிவிடும். ஆனால், வலி வருமானம் பார்த்து வருவதில்லை. உலகில் 2020-இல் 61.9 கோடிப் பேர் இடுப்புவலியோடு வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. 2023-இல் அந்நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட இடுப்புவலிக்கு முறையான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டைகளைப் பரிந்துரைக்கவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே உள்ளது. 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டு வாசலுக்கே செல்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவ்விரண்டையும் இணைத்து, முதுகும் மூட்டும் ஒருசேர வலிக்கும் முதியவருக்கு அவருடைய உடலைப் பார்த்து ஒரு பயிற்சி அட்டை எழுதித் தரலாம்; சில வாரங்களுக்கு ஒருமுறை அதைத் திருத்தலாம். பெரும் கருவிகள் இதற்குத் தேவையில்லை; பயிற்சி பெற்றவரின் நேரமே தேவை. காலில் உணர்வு குன்றுதல், சிறுநீர்க் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சலோடு கூடிய முதுகுவலி போன்றவற்றை உடனே மருத்துவரிடம் அனுப்பும் கடமையும் அவருக்கு உண்டு.

மைசூரில் மன்னர் ஆதரவில் வளர்ந்த ஒரு கலை, சென்னையில் நோயுற்றவரின் உடலுக்கு இறங்கி வந்தது. அது எளியவரின் இல்லத்துக்கும் செல்ல வேண்டும். உடல் ஆசனத்துக்காக அன்று, ஆசனமே உடலுக்காக என்று வாழ்ந்து காட்டிய ஆசிரியருக்கு இந்நகரம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.