எண்ணைச் சோதித்த ஆசிரியர் எடுவார் லூக்காஸ்

முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட ஓர் எண், தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத முதன்மை எண்ணென்று, கணிபொறிகள் தோன்றாத காலத்திலேயே நிறுவியவர் எடுவார் லூக்காஸ் என்னும் பிரெஞ்சு ஆசிரியராவர்.

இவர் 1842ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 4ஆந் திகதி அமியான் நகரிற் பிறந்தார். பாரிசிலே உயர்கல்வி பெற்று, அந்நகர் வானாராய்ச்சி நிலையத்திற் பணியாற்றினார். 1870இற் பிரஷியாவுடன் போர் மூண்டபோது பீரங்கிப் படையிற் சேவை புரிந்தார். போர் ஓய்ந்தபின் மூலான் நகரிலும், பின்னர்ப் பாரிசின் சென் லூயி, சார்லமாஞ் ஆகிய கல்லூரிகளிலும் மாணவர்க்குக் கணிதம் போதித்தார்.

2இன் வலுவொன்றிலிருந்து 1ஐக் கழித்துப் பெறும் எண்களுள் முதன்மையானவை எவை என்பது பழைய வினா. மெர்சென் என்னும் துறவி 1644இல், 67, 127 ஆகிய வலுக்களையும் சேர்த்து ஒரு பட்டியல் வெளியிட்டார், நிறுவல் தந்தாரல்லர். 1772இல் ஒயிலர் 31ஆம் வலுவுக்குரிய எண்ணை வகுத்து வகுத்தே சோதித்து முடித்தார். 127ஆம் வலுவுக்கோ இருபது இலக்க எண்கள் வரை வகுத்துப் பார்த்தல் வேண்டும். அது மனிதர் ஆயுளில் அடங்காத வேலை.

லூக்காஸ் வேறு வழி கண்டார். 3இல் தொடங்குக, வர்க்கித்து 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியைக் கொள்க, இதனையே மீளச் செய்க. 7ஆம் வலுவுக்குரிய 127ஐச் சோதித்தால் 3, 7, 47, 48, 16, 0 என வரும். ஆறாம் உறுப்புப் பூச்சியமாதலின் 127 முதன்மை எண். 127ஆம் வலுவுக்கு 126ஆம் உறுப்புப் பூச்சியமாதல் வேண்டும். 1876இல் லூக்காஸ் கண்ட முடிவு அதுவே. 170141183460469231731687303715884105727 என்னும் அவ்வெண், 1951 வரை, அறியப்பட்ட முதன்மை எண்கள் யாவற்றினும் பெரியதாய் நின்றது.

67ஆம் வலுவுக்குரிய எண் முதன்மையன்று என்பதையும் அவரே காட்டினார். ஆயின் அதன் காரணிகளில் ஒன்றையேனும் அவர் கண்டாரல்லர். 193707721, 761838257287 என்னும் அக்காரணிகளை அமெரிக்கரான கோல் 1903இலேயே வெளிப்படுத்தினார். காரணியைக் காணாமலே காரணி உண்டெனத் துணிதல் கணிதத்துக்கே உரிய வன்மையன்றோ!

கணிதத்தை விளையாட்டாகவும் கற்பிக்க விரும்பிய லூக்காஸ், 1883இல் ஹனோய்க் கோபுரம் என்னும் புதிரை, தம் பெயரெழுத்துக்களை மாற்றியமைத்த புனைபெயரில் வெளியிட்டார். 1891இல் ஒரு விருந்திலே, தவறி விழுந்த பீங்கானின் துண்டு அவர் கன்னத்திற் பட்டது. அக்காயத்தின் வழியே நோய் பற்றி, ஒக்டோபர் 3ஆந் திகதி, தமது 49ஆம் வயதில் உயிர் நீத்தார்.

பின்னாளில் லேமர் என்பார் எளிமையாக்கிய அவர்தம் சோதனை இன்றும் வாழ்கின்றது. 2024இல் அறியப்பட்ட, 41,024,320 இலக்கங்கள் கொண்ட முதன்மை எண்ணும் அச்சோதனையாலேயே உறுதி செய்யப்பட்டது. பொறிகள் எத்துணை விரைந்து கணித்தாலும், அவை செல்லும் வழி ஒரு கல்லூரி ஆசிரியர் வகுத்த வழியே என்பதை நம் மாணவர் உளங்கொள்வாராக.