தியோடர் ஹோவர்ட் சோமர்வெல்

தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் (ஏப்ரல் 16, 1890 - ஜனவரி 23, 1975) ஓர் ஆங்கிலேய அறுவை மருத்துவரும் மலையேறுநரும் ஓவியரும் ஆவார். 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற இரண்டு பிரித்தானியக் குழுக்களிலும் இவர் இடம்பெற்றிருந்தார். 1924இல் பிரான்சின் ஷாமொனி நகரில் நடைபெற்ற முதலாவது குளிர்கால ஒலிம்பிக்கில், 1922ஆம் ஆண்டுக் குழுவினருக்கு மலையேற்றத்துக்கான ஒலிம்பிக் பதக்கம் வழங்கப்பட்டது. அப்பதக்கம் பெற்றவர்களுள் இவரும் ஒருவர். இவர் தம் வாழ்நாளில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளை இந்தியாவில் கழித்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூரிலும், பின்னர் வேலூரிலும் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். பனியே பெய்யாத தமிழ் நிலத்துக்கும் குளிர்கால ஒலிம்பிக்குக்கும் உள்ள மிகப் பழைய தொடர்பு இவர் வழியாக அமைந்ததே எனலாம்.

இளமையும் கல்வியும்

சோமர்வெல் இங்கிலாந்தின் வடமேற்கே ஏரி மாவட்டத்தை ஒட்டிய கெண்டல் என்னும் ஊரில் பிறந்தார். இவரது குடும்பத்தினர் அவ்வூரில் காலணித் தொழிற்சாலை நடத்திய வசதி படைத்தவர்கள். ரக்பி பள்ளியில் பயின்ற பின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்வில் அண்ட் கீஸ் கல்லூரியில் சேர்ந்து, இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறினார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். சிறுவயதிலேயே ஏரி மாவட்டக் குன்றுகளில் ஏறத் தொடங்கிய இவர், பின்னர் ஆல்ப்ஸ் மலைகளிலும் ஏறிப் பழகினார்.

முதல் உலகப் போர்

முதல் உலகப் போரின்போது இவர் பிரித்தானியப் படையின் மருத்துவப் பிரிவில் கேப்டனாகப் பிரான்சில் பணியாற்றினார். 1916ஆம் ஆண்டு சோம் போரின் முதல் நாட்களில், இவர் பணியாற்றிய போர்க்கள மருத்துவ முகாமுக்குக் காயமுற்ற வீரர்கள் பெருந்திரளாகக் கொண்டுவரப்பட்டனர். கூடாரத்தினுள் ஒரு சில அறுவை மருத்துவர்களே இருந்தனர்; வெளியே புல்தரையில் எண்ணற்றோர் கிடந்தனர். யாரை முதலில் காப்பாற்றுவது, யாரைக் கைவிடுவது என்பதை மருத்துவர்களே தீர்மானிக்க வேண்டியிருந்தது. இந்த அனுபவம் இவரை வாழ்நாள் முழுதும் போரை எதிர்ப்பவராக மாற்றியது. போருக்குப் பின் இங்கிலாந்து திரும்பி, அறுவை மருத்துவத்தில் உயர் தகுதி பெற்றார்.

1922 எவரெஸ்ட் பயணம்

எவரெஸ்டின் உச்சியை அடையும் நோக்குடன் சென்ற முதல் குழு 1922ஆம் ஆண்டுக் குழுவே ஆகும். 1921இல் சென்ற குழு வழியை ஆராய்ந்து திரும்பியிருந்தது. 1922 குழுவின் தலைவர் கூர்க்கா படைப்பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய ஜெனரல் சார்லஸ் புரூஸ் ஆவார். அக்காலத்தில் நேபாளம் அயல்நாட்டாருக்குத் தன் எல்லையைத் திறக்காதிருந்தமையால், குழுவினர் டார்ஜிலிங்கிலிருந்து புறப்பட்டுத் திபெத் வழியாகச் சென்று மலையின் வடபுறத்தை அடைந்தனர். சுமைகளை மேல்முகாம்களுக்குக் கொண்டுசேர்க்க ஷெர்ப்பாக்களும் திபெத்தியரும் அமர்த்தப்பட்டனர்.

மே 21, 1922 அன்று சோமர்வெல், ஜார்ஜ் மலோரி, எட்வர்ட் நார்ட்டன் ஆகிய மூவரும் செயற்கை ஆக்சிஜன் இன்றிச் சுமார் 8,225 மீட்டர் உயரத்தை அடைந்தனர். அதற்கு முன் மனிதர் எவரும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. சில நாட்களுக்குப் பின், மே 27 அன்று ஜார்ஜ் ஃபின்ச்சும் ஜெஃப்ரி புரூஸும் ஆக்சிஜன் உதவியுடன் சுமார் 8,320 மீட்டர் உயரத்தை எட்டினர். தேஜ்பீர் பூரா என்னும் கூர்க்கா வீரர் இம்முயற்சியின் பெரும்பகுதியில் அவர்களுடன் சென்றார்.

பருவமழை நெருங்கிய நிலையில் மூன்றாவது முயற்சி மேற்கொள்ளப்பட்டது. ஜூன் 7 அன்று மலோரி, சோமர்வெல், காலின் கிராஃபோர்ட் ஆகியோர் சுமைதூக்குவோருடன் வடகணவாயை நோக்கிப் புதுப்பனியில் ஏறிக்கொண்டிருந்தபோது பனிச்சரிவு ஏற்பட்டது. முன்னே சென்ற ஆங்கிலேயர் தப்பினர். பின்னே கயிற்றில் பிணைக்கப்பட்டு வந்த ஒன்பது சுமைதூக்குவோர் பனிப்பிளவுக்குள் தள்ளப்பட்டனர். இருவர் உயிருடன் மீட்கப்பட்டனர், எழுவர் இறந்தனர். எவரெஸ்ட் ஏற்ற முயற்சியின்போது மலையிலேயே நேர்ந்த முதல் உயிரிழப்புகள் இவையே.

இந்நிகழ்வு சோமர்வெல்லை ஆழமாகப் பாதித்தது. ஏறுவது என்ற முடிவை எடுத்தவர்கள் ஆங்கிலேயர்; உயிரை இழந்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள். இறந்தோருள் ஆங்கிலேயர் ஒருவராவது இருந்திருந்தால், இழப்பையும் ஆபத்தையும் சமமாகவே பகிர்ந்துகொள்கிறோம் என்பதை அம்மக்கள் உணர்ந்திருப்பர் என்னும் கருத்தைப் பின்னாளில் தம் நூலில் பதிவு செய்தார்.

நெய்யூருக்கு வருகை

பயணம் முடிந்ததும் சோமர்வெல் உடனே நாடு திரும்பாமல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியில் இருந்த நெய்யூருக்கும் வந்தார். அங்கு இலண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி 1838ஆம் ஆண்டு முதல் இருந்து வந்தது. மருத்துவமனையில் ஸ்டீபன் பியூ என்ற ஒரே ஓர் அறுவை மருத்துவர், பெருந்திரளான நோயாளிகளிடையே தனித்துப் போராடிக் கொண்டிருந்தார். சோமர்வெல் அங்குத் தங்கி அறுவைகளில் அவருக்கு உதவினார்.

இலண்டனில் இவருக்குச் சிறப்பான எதிர்காலம் காத்திருந்தது. ஆயினும் அங்குத் தம் இடத்தை நிரப்பப் பலர் இருப்பர், இங்கு எவரும் இல்லை என உணர்ந்து நெய்யூரிலேயே பணிபுரிய முடிவு செய்தார். 1923ஆம் ஆண்டின் இறுதியில் பணியைத் தொடங்கினார்.

1924 குளிர்கால ஒலிம்பிக் பதக்கம்

ஜனவரி 25 முதல் பிப்ரவரி 5, 1924 வரை ஷாமொனியில் 16 நாடுகள் பங்கேற்ற குளிர்கால விளையாட்டுகள் நடைபெற்றன. நடந்தபோது இது சர்வதேச குளிர்கால விளையாட்டு வாரம் என்றே அழைக்கப்பட்டது. பின்னரே முதலாவது குளிர்கால ஒலிம்பிக் என்ற தகுதி இதற்கு அளிக்கப்பட்டது. பனிச்சறுக்கு, பனிச்சறுக்குத் தாண்டல், பனிச்சறுக்காட்டம், பனி ஹாக்கி முதலியன இதில் இடம்பெற்றன. இந்தியா தன் அணியை அனுப்பவில்லை.

சிறந்த மலையேற்றச் சாதனைக்குப் பரிசளிக்க வேண்டும் என்பது நவீன ஒலிம்பிக்கின் தொடக்க காலம் முதலே இருந்துவந்த திட்டமாகும். அப்பரிசு முதன்முறையாக ஷாமொனியில், 1922 எவரெஸ்ட் குழுவுக்கு வழங்கப்பட்டது. ஒலிம்பிக் இயக்கத்தின் நிறுவனர் பியர் தெ குபெர்த்தென் தங்க முலாம் பூசிய வெள்ளிப் பதக்கங்களை வழங்க, குழுவின் துணைத் தலைவர் எட்வர்ட் ஸ்ட்ரட் குழுவின் சார்பில் பெற்றுக்கொண்டார்.

பதக்கம் பெற்றோர் பட்டியலில் மொத்தம் 21 பேர் உள்ளனர். சோமர்வெல் உள்ளிட்ட 12 பிரித்தானியர், ஆஸ்திரேலியரான ஃபின்ச், தேஜ்பீர் பூரா ஆகியோருடன் பனிச்சரிவில் இறந்த எழுவரும் இதில் இடம்பெற்றனர். ஒலிம்பிக் புள்ளிவிவரத் தொகுப்புகள் சிலவற்றில் தேஜ்பீர் நேபாளத்தின் பெயரிலும், எழுவரும் இந்தியாவின் பெயரிலும் குறிக்கப்படுகின்றனர். அவ்வாறு கொண்டால், குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் பெயரால் சிறப்பிக்கப்பட்ட முதல் மனிதர்கள், பதக்கத்தைக் கண்ணால் காணாமலே இறந்துபோன சுமைதூக்குவோர் ஆவர். எனினும் மலையேற்றப் பரிசு களத்தில் போட்டியிட்டுப் பெற்றதன்று. ஆதலால் நாடுவாரியான வழக்கமான பதக்கப் பட்டியல்களில் இது கணக்கிடப்படுவதில்லை.

இப்பரிசு பின்னர் 1932இலும் 1936இலும் வழங்கப்பட்டு, அத்துடன் நின்றுபோனது. குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலாகப் போட்டியிட்டது 1964இல், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஆகும். போலந்தில் பிறந்த பனிச்சறுக்கு வீரர் ஜெரமி புஜகோவ்ஸ்கி ஒருவரே அப்போதைய இந்திய அணி. 1924க்கும் இதற்கும் இடையே நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

பதக்கங்களுள் ஒன்றை எவரெஸ்ட் உச்சிக்குக் கொண்டுசெல்வதாக ஸ்ட்ரட் விழாவில் உறுதியளித்தார். அது 1924இல் நிறைவேறவில்லை. 88 ஆண்டுகளுக்குப் பின், 2012ஆம் ஆண்டு மே மாதத்தில் கென்டன் கூல் என்ற பிரித்தானிய மலையேறுநர், குழு உறுப்பினரான ஆர்தர் வேக்ஃபீல்டின் பதக்கத்தை உச்சிக்குக் கொண்டுசென்று அவ்வுறுதியை நிறைவேற்றினார்.

1924 எவரெஸ்ட் பயணம்

அதே ஆண்டு சோமர்வெல் நெய்யூரிலிருந்து விடுப்பு பெற்று இரண்டாம் முறையாக எவரெஸ்ட் சென்றார். மே மாத இறுதியில், கடும் பனிப்பொழிவால் சுமைதூக்குவோர் நால்வர் வடகணவாய் முகாமில் சிக்கிக்கொண்டனர். நார்ட்டன், மலோரி, சோமர்வெல் ஆகிய மூவரும் தங்கள் உச்சி முயற்சியை ஒத்திவைத்து அவர்களை மீட்கச் சென்றனர். பனிச்சரிவு அபாயம் மிக்க சரிவில், கயிற்றின் முனையில் சோமர்வெல் நால்வரையும் நோக்கி முன்னேறினார். கயிறு போதாத நிலையில், தம் இடுப்பிலிருந்து அதை அவிழ்த்துப் பனிக்கோடரியில் கட்டி, எட்டும் தூரம் கைநீட்டி அவர்களை ஒவ்வொருவராக இழுத்துக் காப்பாற்றினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுவர் மாண்டது இதே சரிவின் பகுதியில்தான்.

ஜூன் 4 அன்று நார்ட்டனும் சோமர்வெல்லும் ஆக்சிஜன் இன்றி உச்சியை நோக்கிச் சென்றனர். தொண்டைப் புண்ணால் மூச்சுவிட முடியாத நிலையில் சோமர்வெல் 8,500 மீட்டருக்குச் சற்று மேலே நின்றுவிட்டார். நார்ட்டன் மேலும் சென்று சுமார் 8,570 மீட்டரை எட்டினார். ஆக்சிஜன் உதவியின்றி ஏறிய உயரத்தில் இது 1978 வரை முறியடிக்கப்படாத சாதனையாக இருந்தது. இறங்கும் வழியில் சோமர்வெல்லின் தொண்டையின் உட்சவ்வு உரிந்து மூச்சுக்குழலை அடைத்தது. முன்னே சென்ற நார்ட்டனை அழைக்கக்கூட இயலாமல், இறக்கும் தறுவாயில் தம் மார்பைக் கைகளால் அழுத்தி அடைப்பை வெளியேற்றி உயிர் பிழைத்தார்.

ஜூன் 8 அன்று மலோரியும் ஆண்ட்ரூ இர்வினும் உச்சியை நோக்கிச் சென்று திரும்பவில்லை. மலோரி எடுத்துச் சென்றது சோமர்வெல் கொடுத்த சிறு கோடாக் ஒளிப்படக் கருவி என்று கருதப்படுகிறது. மலோரியின் உடல் 1999இல் கண்டெடுக்கப்பட்டபோது அக்கருவி கிடைக்கவில்லை.

புறப்படும் முன் அடிவார முகாமில் கற்களால் நினைவுச் சின்னம் ஒன்று எழுப்பப்பட்டது. அதை அமைப்பதில் சோமர்வெல்லும் பென்ட்லி பீத்தமும் முன்னின்றனர். 1921 முதல் 1924 வரை இறந்த பன்னிருவரின் பெயர்களும் அதில் ஒன்றாகப் பொறிக்கப்பட்டன. மலோரி, இர்வின் பெயர்கள் இடம்பெற்ற அதே கல்லடுக்கில் 1922இல் இறந்த எழுவரின் பெயர்களும் இடம்பெற்றன.

மருத்துவப் பணி

எவரெஸ்டிலிருந்து திரும்பிய சோமர்வெல் மீண்டும் நெய்யூர் வந்தார். 1925இல் மார்கரெட் ஹோப் சிம்ப்சன் என்பவரை மணந்தார். இவர்களுக்கு மூன்று ஆண் மக்கள் பிறந்தனர். நெய்யூர் மருத்துவமனையும் சமஸ்தானத்தின் பல ஊர்களில் இருந்த அதன் கிளைகளும் தென் திருவிதாங்கூர் மக்களின் முக்கிய மருத்துவ ஆதாரமாக விளங்கின.

அப்பகுதியில் முன்சிறுகுடல் புண் மிகப் பரவலாகக் காணப்பட்டது. மரவள்ளிக் கிழங்கை முதன்மையாகக் கொண்ட ஏழை மக்களின் உணவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என அக்காலத்தில் கருதப்பட்டது. இப்புண்ணால் உணவு செல்லும் வழி அடைபட்டவர்களுக்கு, இரைப்பையைச் சிறுகுடலின் நடுப்பகுதியுடன் நேரடியாக இணைக்கும் அறுவையைச் சோமர்வெல் ஏராளமானோருக்குச் செய்தார். தம் அனுபவங்களை மருத்துவ இதழ்களிலும் எழுதினார். இவரது பணியைப் பாராட்டிப் பிரித்தானிய இந்திய அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது.

1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவ ஆசிரியராகச் சேர்ந்து, 1961இல் ஓய்வு பெறும்வரை மாணவர்களுக்குப் பயிற்றுவித்தார்.

கலையும் எழுத்தும்

சோமர்வெல் இமயமலைக் காட்சிகளை நீர்வண்ணத்திலும் எண்ணெய் வண்ணத்திலும் நூற்றுக்கணக்கில் வரைந்தார். இசையிலும் தேர்ச்சி பெற்றிருந்த இவர், திபெத்திய நாட்டுப்புற மெட்டுகளைக் கேட்டுக் குறியீடுகளாக எழுதினார். 1922 பயணம் பற்றிய திரைப்படம் இலண்டனில் காட்டப்பட்டபோது அம்மெட்டுகள் பின்னணியாக இசைக்கப்பட்டன. தம் மலையேற்றத்தையும் மருத்துவப் பணியையும் பற்றிய நூலை 1936இலும், நெய்யூர் அறுவை மருத்துவ அனுபவங்களைப் பற்றிய மற்றொரு நூலை 1940இலும் வெளியிட்டார்.

இறுதிக் காலமும் நினைவும்

ஓய்வுக்குப் பின் இங்கிலாந்து திரும்பிய இவர், 1962 முதல் 1965 வரை பிரித்தானிய ஆல்பைன் கழகத்தின் தலைவராக இருந்தார். ஜனவரி 23, 1975 அன்று ஏரி மாவட்டத்தின் ஆம்பிள்சைடில் தமது 84ஆம் வயதில் காலமானார்.

1956இல் மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது நெய்யூர் தமிழ்நாட்டுடன் (அன்றைய சென்னை மாநிலம்) இணைந்தது. நெய்யூர் மருத்துவமனை தென்னிந்தியத் திருச்சபையின் நிர்வாகத்தின் கீழ் தொடர்ந்து இயங்கி வருகிறது. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம் காரக்கோணத்தில் 2002இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரிக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. மலையேற்ற வரலாற்றில் எவரெஸ்ட் வீரராக அறியப்படும் சோமர்வெல், குமரி மாவட்ட மக்களிடையே நெய்யூர் மருத்துவராகவே நினைவுகூரப்படுகிறார்.