செஞ்சிக் கோட்டையும் தேசிங்கு ராஜனும்

திண்டிவனத்தினின்று திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியிலே, பாறைமேற் பாறை அடுக்கினாற்போல மூன்று குன்றுகள் தோன்றும். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்பன அவற்றின் பெயர்கள். இம்மூன்றையும் நெடுமதிலால் இணைத்து வளைத்ததே செஞ்சிக் கோட்டை. நாம் அங்குச் சென்ற நாளில் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியங்களையும் கண்டு, பின் ஏறத்தாழ எண்ணூறு அடி உயரமுள்ள இராஜகிரியின்மேல் ஏறினோம். உச்சியை அணுகுமிடத்தில் ஆழ்ந்த பிளவொன்று குறுக்கிடுகின்றது. அதன்மேற் கிடக்கும் பாலத்தை எடுத்துவிடின் பகைவர் அப்பாற் செல்லுதல் அரிது. இத்துணை அரணுடைய கோட்டையை ஆண்ட தேசிங்கு, அதனை விட்டு வெளிப்போந்து வெட்டவெளியில் உயிர் துறந்தது ஏன் என்னும் வினா அவ்விடத்தே நம் உள்ளத்தில் எழுந்தது.

தேசிங்கின் இயற்பெயர் தேஜ்சிங் என்பது. அவன் தந்தை சொரூப்சிங், புந்தேலகண்டத்து இராஜபுத்திரர். 1677-இல் சிவாஜி கைக்கொண்ட செஞ்சியை மொகலாயர் எட்டாண்டு முற்றுகையிட்டு 1698-இல் மராட்டியரிடமிருந்து கவர்ந்தனர். அதன்பின் பேரரசர் ஔரங்கசீப்பின் ஆணையால் கோட்டைத் தலைவரானவர் சொரூப்சிங். அவர் 1714-இல் இறந்தார். இளைஞனான தேசிங்கு தந்தையின் இடத்தை அடைந்தான்.

அந்நாளில் ஆர்க்காட்டில் அதிகாரம் செலுத்தியவர் நவாபு சாதத்துல்லாகான். சொரூப்சிங் செலுத்தாது விட்ட கப்பப் பாக்கியைத் தருமாறு அவர் கேட்டார். தன் தந்தைக்குக் கோட்டையை அளித்தவர் பேரரசரேயாதலின், நவாபுக்குத் தான் கட்டுப்பட்டவனல்லன் என்பது தேசிங்கின் கொள்கை. ஔரங்கசீப் 1707-இல் மறைந்தபின் தில்லியின் வலிமை குன்றிவிட்டது. தொலைவிலிருந்த பேரரசின் பெயரினும் அருகிலிருந்த நவாபின் படையே வலிதாயிற்று. இதனைத் தேசிங்கு எண்ணிப் பார்த்திலன்.

நவாபின் பெருஞ்சேனை செஞ்சியை நோக்கி வந்தது. தேசிங்கிடம் இருந்தவரோ சில நூறு குதிரை வீரரே. அவன் மதிற்குள் அடங்கியிராது வெளிப்போந்து பொருதான். அவனோடு நின்றவருள் தலையாயவன் மகமத்கான் என்னும் முகம்மதிய நண்பன். மணக்கோலத்தில் இருந்தவன் நண்பனின் அழைப்புக் கேட்டுப் போர்க்களம் புகுந்தான் என்று நாட்டுக் கதைப்பாடல் கூறும். அது கதையாயினும் ஆகுக. இருவரும் ஒரே போரில் மாண்டனர் என்பது மெய். 1714-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3-ஆம் நாள் தேசிங்கு வீழ்ந்தான். அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு என்பர். அவன் இளமனைவி உடன்கட்டை ஏறினாள். அவ்வம்மையின் நினைவாகவே இராணிப்பேட்டை அமைந்தது என்பது வழக்கு.

எட்டாண்டுக்காலம் மொகலாயப் பெரும்படையைத் தடுத்து நிறுத்திய அதே மதில்கள் அன்றும் இருந்தன. அவற்றினுள் இருந்து பொறுத்திருப்பின், அல்லது சமாதானம் பேசியிருப்பின், அவனும் அவனை நம்பினோரும் பிழைத்திருத்தல் கூடும். தன் உயிரைத் துரும்பாக எண்ணுதல் வீரம். தன்னை நம்பினோர் உயிரையும் அவ்வாறே எண்ணுதல் தலைவனுக்கு அழகாமோ? அவனை வணங்கும் நாமும் இவ்வினாவைக் கேளாதிருத்தல் ஆகாது.

ஆயினும், வென்ற நவாபைத் தமிழ்நாட்டு மக்கள் பெரிதும் மறந்தனர். தோற்ற இளைஞனையோ, வடநாட்டு மரபில் வந்தவன் என்று வேற்றுமை பாராட்டாது, தம்மவனாகக் கொண்டு தெருக்கூத்திலும் பாட்டிலும் இருநூறாண்டுகட்கு மேலாகப் போற்றி வந்துள்ளனர். அச்சமின்மையும், மதவேறுபாடு கடந்த நட்பும் எளிய மக்களின் நெஞ்சைக் கவர்ந்தமையே இதற்குக் காரணம் போலும்.

மாலையில் இறங்கி வருகையில் செட்டிகுளக் கரையிலே சிறிது நின்றோம். தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டது அங்கே என்பர். நம் குழுவிற் பலர் அவன் வயதினர். அவனது அஞ்சாமையை நாம் கொள்வோம். அதனோடு அவனிடம் குறைந்திருந்த ஆராய்ச்சியையும் தேடிப் பெறுவோம். இவ்விரண்டும் சேர்ந்தவிடத்தே அரண் பயன்படும். ஒன்று குறையின் கல்மதிலும் காவாது.