கணக்கில் நீதி கண்ட அல் குவாரிஸ்மி



கணிதப் பேரறிஞர் முஹம்மத் இப்னு மூஸா அல் குவாரிஸ்மி சுமார் கி.பி. 780-ல் பிறந்தவர். இன்றைய உஸ்பெகிஸ்தானைச் சார்ந்த குவாரிஸ்ம் பகுதியால் அப்பெயர் பெற்றார். அப்பாஸிய கலீஃபா மஃமூன் ஆட்சியில் (813–833) பக்தாது நகரின் பைத்துல் ஹிக்மா என்னும் அறிவகத்தில் பணியாற்றினார்.

இந்தியாவின் ஒன்பது எண்ணுருக்களும் சுழியமும் அக்காலத்தில் பக்தாதை எட்டியிருந்தன. சுமார் 825-ல் அவற்றை விளக்கி அவர் ஒரு நூல் இயற்றினார். அதன் அரபு மூலம் இன்று கிடைக்கவில்லை. 12-ஆம் நூற்றாண்டின் லத்தீன் வடிவங்கள் வாயிலாக ஐரோப்பாவில் இம்முறை பரவியது. லத்தீனில் உருமாறிய அவர் பெயரே இன்று கணினித் துறையில் அல்காரிதம் என வழங்குகிறது.

அம்முறையின் சிறப்பு யாது? பழந்தமிழ் எண்களில் பத்து, நூறு, ஆயிரத்திற்கு ௰, ௱, ௲ எனத் தனிக் குறிகள் உண்டு. இம்முறையிலோ இலக்கம் நிற்கும் இடமே அதன் மதிப்பைக் கூறிவிடும். 426 திர்ஹம்களை மூன்று சகோதரர்களுக்குச் சமமாகப் பங்கிடுவதாகக் கொள்வோம். நான்கு நூறுகளில் ஆளுக்கு ஒரு நூறு. எஞ்சிய ஒரு நூற்றைப் பத்துப் பத்துகளாக மாற்றி, இருக்கும் இரண்டு பத்துகளுடன் சேர்த்தால் பன்னிரண்டு பத்துகள், ஆளுக்கு நான்கு. மீதி ஆறில் ஆளுக்கு இரண்டு. ஆக, ஒருவர் பங்கு 142. காசுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டியதில்லை.

அவரது அல்ஜப்ர் வல் முகாபலா நூலின் பெரும்பகுதி மீராஸ், வஸிய்யத் கணக்குகளாகும். கணவர், ஒரு மகன், மூன்று மகள்களை விட்டு இறந்த பெண்மணியின் கணக்கு அவற்றுள் ஒன்று. வஸிய்யத் போக எஞ்சிய சொத்தை இருபது சம கூறுகளாக்கினால் கணவருக்கு 5, மகனுக்கு 6, மகள் ஒவ்வொருவருக்கும் 3. கூறு எதுவும் மிஞ்சாது, எவருக்கும் குறையாது.

இப்பெருமகனார் சுமார் 850-ல் மறைந்தார். அவர் வகுத்த கணக்கு இன்றும் நமக்குத் தேவை. மேற்சொன்ன குடும்பம் விளாங்குடியில் ஐந்து சென்ட் மனை வைத்திருந்தால், ஒவ்வொரு மகளுக்கும் முக்கால் சென்ட் உரியது. ஏதோ ஒரு தொகையையோ சீர்வரிசையையோ காட்டி அதனை ஈடுசெய்துவிட்டதாகக் கருதுவது பங்கீடு ஆகாது. கூறுகளை முறையாக எண்ணி, அவரவர் ஹக்கை அவரவரிடம் ஒப்படைப்பதே பங்கீடு. நம் பிள்ளைகளுக்கு ஓதலுடன் கணக்கையும் கற்பிப்போமாக! அதற்கு அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.