கேசவ தேவ் மாளவியா

கேசவ தேவ் மாளவியா (ஜூன் 11, 1904 – மே 27, 1981) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் அரசியல்வாதியும் ஆவார். அரசுத் துறையில் எண்ணெய் அகழ்வுக்கு அடித்தளம் இட்டமையால் இந்தியப் பெட்ரோலியத் தொழிலின் தந்தை என அறியப்படுகிறார். இராமநாதபுரம் கடற்கரையில் எண்ணெயும் எரிவாயுவும் தேடி வரும் நிறுவனம் இவரது முயற்சியால் உருவானதாகும்.

வாழ்க்கை

அலகாபாத்தில் பிறந்த மாளவியா, கான்பூரின் ஹார்கோர்ட் பட்லர் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றார். விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். பின்னர் நேருவின் அமைச்சரவையில் இயற்கை வளத் துறைப் பொறுப்பை ஏற்றார்.

எண்ணெய்த் தேடல்

அக்காலத்தில் இந்தியாவின் எண்ணெய் வயல்கள் அசாமில் மட்டுமே இருந்தன. தேவையின் பெரும்பகுதி வெளிநாட்டு நிறுவனங்கள் வழியே இறக்குமதியானது. விலையையும் அவையே வகுத்தன. இந்நிலை நீடித்தால் நாட்டின் தொழில் வளர்ச்சி பிறர் கையில் இருக்கும் என மாளவியா கருதினார். சோவியத் வல்லுநர்களின் துணையுடன் அரசே எண்ணெய் தேட வேண்டும் என வாதிட்டு வென்றார். 1955 இல் இயக்ககமாகத் தொடங்கிய அமைப்பு, ஆகஸ்ட் 1956 இல் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையமானது. 1958 இல் காம்பே பகுதியிலும் 1960 இல் அங்கலேசுவரிலும் எண்ணெய் கிடைத்தது. சோவியத் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க வெளிநாட்டு நிறுவனங்கள் மறுத்ததும் அதே 1960 இல்தான்.

1956 மார்ச்சில் அமெரிக்கப் புவியியலாளர் எம். கிங் ஹப்பர்ட், எண்ணெய் உற்பத்தி ஓர் உச்சத்தை அடைந்து பின் இறங்கும் என்றும், அமெரிக்காவில் அவ்வுச்சம் 1970 அளவில் நேரலாம் என்றும் கணித்தார். கணிப்பு பலித்தது. (களிப்பாறை எண்ணெயால் 2018 இல் அந்நாடு பழைய உச்சத்தைக் கடந்தது வேறு கதை.) ஒரு நாடு தேடத் தொடங்கிய ஆண்டிலேயே இன்னொரு நாட்டில் தீர்ந்துபோதல் பற்றிய கணக்கு போடப்பட்டது குறிப்பிடத்தக்கது.

பதவி விலகலும் மீள்வருகையும்

தேர்தல் நன்கொடை தொடர்பான சிராஜுதீன் நிறுவன விவகாரத்தில் விசாரணைக்குப் பின் 1963 இல் பதவி விலகினார். 1973 எண்ணெய் நெருக்கடியில் உலகச் சந்தை விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. 1974 இல் பெட்ரோலியத் துறை மீண்டும் மாளவியாவிடம் வந்தது. அவ்வாண்டு கண்டறியப்பட்ட பம்பாய் ஹை கடல்வயலில் 1976 இல் உற்பத்தி தொடங்கியது. 1977 இல் காங்கிரசு தோற்றதுடன் அமைச்சர் பணி முடிந்தது. டேராடூனிலுள்ள பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

பாக்கு நீரிணையும் இராமநாதபுரமும்

கச்சத்தீவு பற்றிய பேச்சில் பெரும்பாலும் மறக்கப்படும் செய்தி ஒன்று உண்டு. 1974 ஆம் ஆண்டின் இந்திய–இலங்கை எல்லை உடன்படிக்கையில், எல்லைக்கோட்டின் இருபுறமும் பரவிய எண்ணெய் அல்லது எரிவாயுப் படிவு இருந்தால் இரு நாடுகளும் கலந்து முடிவெடுக்க வேண்டும் என்னும் விதி இடம்பெற்றது. 1976 இன் மன்னார் வளைகுடா உடன்படிக்கையும் அவ்வாறே கூறுகிறது. 2011 இல் இலங்கைப் பக்கம் மன்னார்ப் படுகையில் எரிவாயு கண்டறியப்பட்டது.

இராமநாதபுரம் காவிரிப் படுகையின் தென்பகுதியாகும். இங்கு கிடைக்கும் எரிவாயுவைக் கொண்டு வழுதூர் மின்நிலையம் இயங்குகிறது. இவை சிறு வயல்களே. நாட்டின் பற்றாக்குறையை ஈடுசெய்ய வல்லவை அல்ல. 2011-12 இல் ஏறத்தாழ 3.8 கோடி டன்னாக இருந்த இந்தியக் கச்சா எண்ணெய் உற்பத்தி, 2023-24 இல் 3 கோடி டன்னுக்கும் கீழிறங்கியது. தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதியே. பழைய வயல்கள் வற்றும்போது புதிய இடங்களைத் துளைக்கும் நெருக்கடி கூடுகிறது. அதன் சுமை கரையோர மக்கள் மீது விழுகிறது. இம்மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு 2025 இல் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கப்பட்டபோது மீனவர்களும் உழவர்களும் எதிர்த்தனர். அவ்வனுமதியைத் திரும்பப் பெறுமாறு தமிழக அரசு ஆகஸ்ட் 2025 இல் அறிவுறுத்தியது. இதே மாவட்டத்தின் கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்கி வருகிறது.